வறட்சியில் வரும் வசந்தம்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பங்குனி மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இத்தாலியில் வேலை பார்க்கிறார். போன மாசி மாதம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். சிசிலித் தீவில் ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்க வாதுமை மரங்கள். ஒரு மரத்திலும் இலை இல்லை. வெள்ளையும் வெளிர்சிவப்புமாகப் பூ மட்டும்தான். பின்னால் ஓட்டு வீடுகளோடு ஒரு சிற்றூர். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: “ஐயா, இங்கே வசந்தம் வந்துவிட்டது. நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அவர் பார்த்தது பெரிய காட்சிதான், அதில் சந்தேகமில்லை. மத்தியதரைக்கடல் ஊர்களில் முதலில் பூக்கிற மரங்களில் ஒன்று வாதுமை. குளிர் முழுக்க விலகுவதற்குள், மற்ற மரங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பூத்துவிடும். எபிரேய மொழியில் வாதுமை என்ற சொல்லுக்கும் விழித்துக் காத்திருத்தல் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். சிசிலியின் அக்ரிஜெந்தோ நகரத்தில் வாதுமைப் பூவுக்கென்றே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். 1890ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென் பிரான்சில் சேன் ரெமி என்ற ஊரின் மனநல விடுதியில் ஓவியர் வான்கோ இருந்தார். தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அண்ணன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தக் குழந்தைக்காக அவர் வரைந்தது நீல வானத்துக்கு எதிரே பூத்து நிற்கும் வாதுமைக் கிளை. ஒரு பிறப்பைக் கொண்டாட அந்த மண்ணில் அதைவிடப் பொருத்தமான படம் எது?

நம் தெருவில் வாதாங்கொட்டை மரம் என்கிறோமே, அது வேறு. நான் சொல்வது பாதாம் பருப்பு தருகிற மரம். நம் லீ பஜாரில் மூட்டை மூட்டையாக இறங்குகிற பாதாமில் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. அங்கே அந்தத் தோப்புகள் பூக்கும் பிப்ரவரியில் தேனீப் பெட்டிகளை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறார்கள். பூ என்றால் அழகு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த லாரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மத்தியதரைக்கடல் நாடுகளில் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்று. குளிரில் மழை பெய்து மண் நனைந்து கிடக்கும். வாதுமை பூக்கிறபோது அதன் வேர் ஈரத்தில் நிற்கிறது. அங்கே வறட்சி என்பது கோடையில்தான். நம் சேலம், நாமக்கல் சமவெளியில் எல்லாம் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிடுகிறது. தையில் பனி. மாசியில் வெயில் ஏறுகிறது. பங்குனிக்குள் கிணற்றின் அடிப்பாறை தெரிகிறது, ஏரி விளையாட்டு மைதானம் ஆகிவிடுகிறது, திருமணிமுத்தாற்றில் நல்ல தண்ணீர் என்று ஒன்றைப் பார்க்க முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்து வேம்பு பூக்கிறது. புங்கன் பூக்கிறது. இலுப்பை பூக்கிறது. சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, கொன்றை பொன்னாகக் கொட்டுகிறது.

ஆக, அவர்கள் வசந்தம் ஈரத்தில் வருகிறது, நம் வசந்தம் வறட்சியில் வருகிறது. நீங்கள் வியாபாரிகள், உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். வாதுமையின் பூ கையிருப்பை வைத்துச் செய்கிற செலவு. வேம்பின் பூ, மழை வரும் என்று நம்பிப் போடுகிற முதல்.

மரத்துக்கு இதில் காரணம் இருக்கிறது. முள்ளிலவு, கலியாண முருங்கை, புரசு போன்றவை இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கின்றன. இலையில்லாத கிளையில் சிவப்புப் பூ வெகு தூரத்திலிருந்தே தெரியும். மைனாவும் காக்கையும் அணிலும் தேடி வந்து தேன் குடித்து மகரந்தத்தைச் சுமந்து போகும். வேம்பின் கணக்கு வேறு. மாசியில் இலை பழுத்து உதிரும், செம்பு நிறத்தில் தளிர்விடும், பங்குனியில் பூக்கும். அப்படிப் பூத்தால்தான் ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். மழை இறங்குகிற மாதத்தில் விதை மண்ணில் கிடக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பூக்கிற மாதத்தை வைத்திருக்கிறது மரம்.

வேப்பம்பூவை எப்போதாவது உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து வெள்ளை இதழ்கள் பின்னால் மடிந்து நிற்கும். நடுவில் ஒரு சிறு குழல். அந்தக் குழலின் வாயில் பத்து மகரந்தப் பைகள் வட்டமாக ஒட்டியிருக்கும். இவ்வளவும் ஒரு அரிசிமணி நீள இதழ்களுக்குள். பகலில் பெரிதாக மணக்காது. பொழுது சாய்ந்து காற்று கொஞ்சம் இறங்கியதும் தெருவே தேன் வாசமாகிவிடும். கசப்பு மரத்திலிருந்து இப்படி ஒரு வாசம் எப்படி வருகிறது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

என் சிறுவயதில் அம்மா முதல் நாள் இரவே அப்பாவின் பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிடுவார். விடிவதற்குள் வேட்டி மேல் பூ விழுந்து கிடக்கும். காம்பும் தூசும் பொறுக்கி, நிழலில் காயவைத்து, டப்பாவில் போட்டால் ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் வறுத்து ரசத்தில் போடும்போது எழுகிற அந்தச் சத்தமும் மணமும் இங்கே இருக்கிற பல தாய்மார்களுக்குத் தெரியும். நம் சேலத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் ஒரே தெருவில் பேசுகிற வீடுகள் உண்டு. தெலுங்கு, கன்னட வீடுகளில் பங்குனியில் யுகாதி. தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள். இரண்டுக்கும் இலையில் விழுவது அதே வேப்பம்பூ, அதே மாங்காய், அதே வெல்லம். பக்கத்து வீட்டு மரத்தில் பொறுக்கிய பூ இரண்டு புத்தாண்டுக்கும் போதும்.

மாரியம்மனுக்கு வேம்பு எவ்வளவு நெருக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் தொடங்கி நம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் வரைக்கும் திருவிழா எப்படித் தொடங்குகிறது? பூச்சாட்டுதலோடு. பூச்சாட்டிவிட்டார்கள் என்றால் திருவிழா உறுதியாகிவிட்டது என்று பொருள். வண்டி வேடிக்கைக்கு ஊரே திரளும், ஆனால் அதற்கெல்லாம் முன்னால் முதல் வாக்கு பூவால் கொடுக்கப்படுகிறது.

இந்தப் பூ என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். நம் மொழியில் மரம் மட்டுமா பூக்கிறது? பெண் பிள்ளை பூப்பெய்துகிறாள். வெளியூர் போன மகனுக்காகக் காத்திருந்து தாய்க்குக் கண் பூத்துப்போகிறது. அணைந்த அடுப்பில் நெருப்பு நீறு பூத்துக் கிடக்கிறது. நெற்றியில் வேர்வை பூக்கிறது. கெட்ட தண்ணீர் பாய்ந்த காட்டில் உப்புப் பூக்கிறது. உள்ளே இருந்த ஒன்று தன் காலம் வந்து மேலே தெரிந்தால், அது இன்பமோ துன்பமோ, தமிழன் அதைப் பூத்தது என்றான். குடியானவர்கள் ஒருபூ நிலம், இருபூ நிலம் என்பார்கள். ஒரு போகம் விளைவது ஒருபூ, இரண்டு போகம் விளைவது இருபூ. அறுவடைக்கே பூ என்று பெயர் வைத்த மொழி இது. பூவை அலங்காரமாக மட்டும் பார்க்கிற மொழியில் இந்தப் பெயர் வந்திருக்காது.

பூவையே அறுவடையாக எண்ணுகிற மனிதரை நேரில் பார்க்க வேண்டுமானால் மாந்தோப்புக்குப் போக வேண்டும்.

சேலத்து மாம்பழம் என்றால் உலகமே வாயூறும். குண்டு, மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, பெங்களூரா என்று பேர் சொல்லும்போதே சித்திரை, வைகாசி வாசம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழத்தின் விலை பெரும்பாலும் பழத்தைப் பார்த்து முடிவாவதில்லை. தையிலும் மாசியிலும் தோப்பு பூவெடுக்கும்போதே குத்தகைக்காரர் வந்து நின்றுவிடுவார். மரம் மரமாகச் சுற்றுவார், அண்ணாந்து பார்ப்பார், மனசுக்குள் ஒரு தொகை போடுவார். தோப்புக்காரரும் குத்தகைக்காரரும் பேசி முடிப்பது அந்தப் பூவின் பேரில்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், வாழப்பாடிப் பக்கம் ஒரு தோப்புக்கு அப்படி ஒருவரோடு போயிருந்தேன். எழுபது வயதிருக்கும், தோளில் ஒரு துண்டு. தோப்பு முழுக்கப் பூ. என் கண்ணுக்கு அது மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு பெரிய வெளிச்சம். “எப்படிங்க இருக்கு?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் தாழ்ந்த கிளை ஒன்றைக் கையால் தட்டினார். சடசடவென்று தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். நூற்றுக்கணக்கில் தத்துப்பூச்சி கிளம்பி மறுபடி உட்கார்ந்தது. “இந்தச் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்குதுங்க வாத்தியாரே” என்றார். பிறகு கீழே இருந்த இலை ஒன்றைத் தடவிக் காட்டினார். பிசுபிசுவென்று ஒட்டியது. தத்துப்பூச்சி பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கிற தேன் அது. அந்தத் தேன் மேல் கரும்பூசணம் படரும், இலையும் பூவும் கருத்துப்போகும். காலைப் பனி நாலு நாள் சேர்ந்தாற்போல மூடினால் சாம்பல் நோயும் வந்து சேரும். பிறகு அந்தப் பூ காயாகாது.

அவர் துண்டைத் தரையில் விரித்து ஒரு பூங்கொத்தை மெதுவாக உலுக்கினார். துண்டு மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி பூ உதிர்ந்தது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பாலானவை ஆண் பூ, அவை காய்க்கவே காய்க்காது. இருபாலும் சேர்ந்த பூக்கள் கொஞ்சம்தான். அவற்றையும் ஈயோ தேனீயோ தொட்டுப் போக வேண்டும். நாம் விரட்டி அடிக்கிற ஈதான் மாம்பூவுக்குப் பெரிய துணை. எல்லாம் கூடி வந்தாலும் நூறு பூவுக்கு ஒரு காய்கூட நிற்காது. நின்ற பிஞ்சிலும் பாதி மாவடுவாக உதிரும். மிச்சத்தைச் சித்திரைச் சூறைக்காற்று ஒரு சாயங்காலத்தில் தரையில் கொட்டிவிடும்.

“இவ்வளவும் தெரிஞ்சும் பூவைப் பார்த்தா பணம் குடுக்கறீங்க?” என்று கேட்டேன்.

“வேற எதைப் பார்த்துங்க குடுக்கறது?” என்றார்.

அன்று அவர் பேசி முடித்த தொகை என்னவென்று நான் கேட்கவில்லை. துண்டிலிருந்த பூவை உதறாமல், மரத்தின் அடியிலேயே கொட்டிவிட்டு நடந்தார். அந்தச் செய்கை என் மனதில் நின்றுவிட்டது.

நம் பேட்டைக்கும் மரத்தின் பூவுக்கும் இருக்கிற உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால் இது செவ்வாய்ப்பேட்டை. நாமக்கல் பக்கம் புதன்சந்தை என்றே ஓர் ஊர் இருக்கிறது. இப்படிக் கிழமையைப் பேராக வைத்துக்கொண்ட ஊர்களுக்கு மாதக் கணக்கு அத்துப்படி. இன்று மண்டிகளில் இறங்கிக்கொண்டிருக்கிற புளி எப்போது பூத்தது? போன ஆனி, ஆடியில். மஞ்சள் இதழில் சிவப்பு நரம்போடிய அந்தச் சின்னப் பூவை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? சாலையோரத்தில் பூத்து, மழையில் நனைந்து, பனி தாங்கி, தையிலும் மாசியிலும் பழுத்து, உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து இங்கே வருகிறது. நாம் எடை போடுகிற ஒவ்வொரு கிலோவிலும் போன வருஷத்துப் பூ இருக்கிறது.

வெல்ல மண்டிக்காரர்களுக்கு ஒரு பழமொழி நன்றாகத் தெரியும்: ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நாம் இதை மட்டம்தட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். நான் வேறு மாதிரி கேட்கிறேன். கரும்பாலை இல்லாத ஊர்க் குழந்தைகளுக்கும் இனிப்பு கொடுத்த மரம் அது. இலுப்பைப் பூ தடித்த, வெண்மஞ்சள் நிறமான, சாறு நிறைந்த பூ. இரவில் வௌவால் வந்து தேனுக்கு அலையும், விடிவதற்குள் பூ தரையில் கிடக்கும். அதன் விதையில் ஆட்டிய எண்ணெய்தான் கோயில் விளக்கில் எரிந்தது. அந்த மரத்தை இன்று சமவெளியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழமொழி மிஞ்சி மரம் போனது எனக்குப் பெரிய துக்கம்.

கொன்றையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. தலைவன் மழைக்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போயிருப்பான். காலமல்லாத காலத்தில் பெய்த மழையை நம்பிக் கொன்றை பூத்துவிட்டது, அதற்கு அறிவில்லை என்று தோழி தலைவியைத் தேற்றுகிற குறுந்தொகைப் பாட்டு ஒன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் பெண்கள் காலண்டரைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார்கள். மரம் ஏமாந்தது என்று சொல்கிற அளவுக்கு மரத்தின் கணக்கை அறிந்திருந்தார்கள். இன்று நம் கண்ணுக்குக் கொன்றை சித்திரையில் கொள்ளை கொள்ளையாகப் பூக்கிறது. மழை பெய்தால் பிறகும் சிலது பூக்கும்.

வடக்கே பார்த்தால் தெரிகிற சேர்வராயன் மலையில் இன்னொரு வசந்தம் நடக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தது காப்பிச் செடி. பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகும். மல்லிகை மாதிரி மணக்கும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்த ஒரு மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே தவறும். கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மலையேறுகிறவர்கள் வைகாசியில் போகிறார்கள். ஒரு மாதம் முன்னால் போய்ப் பாருங்கள், சிசிலி இங்கேயே இருக்கிறது.

இனி மனவருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் தெருவில் ஒரு வேப்பமரம் இருந்தது. இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். முதலில் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் கல் பதித்தார்கள். பிறகு பங்குனியில், பூ நிறைந்திருக்கும்போது, கம்பியில் உரசுகிறது என்று ஒரு பக்கத்துக் கிளையை முழுக்கக் கழித்தார்கள். பூ விழுந்து காரெல்லாம் அழுக்காகிறது என்று சிலர் சொன்னார்கள். மறு வருஷம் மரமே இல்லை. யார் உத்தரவு, யார் வெட்டினார்கள் என்று நான் பேசப்போவதில்லை. வெட்டிய அன்று நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தெருவில் பூ வாசம் வராத முதல் பங்குனியில்தான் போனது என்னவென்று உறைத்தது.

இளம்பிள்ளைப் பக்கம் வேம்படிதாளம் என்று ஓர் ஊர், தெற்கே பனமரத்துப்பட்டி என்று ஓர் ஊர். மரத்தை முகவரியாக வைத்துக்கொண்ட மனிதர்கள் நாம். சாலையை அகலப்படுத்தும்போது போன புளியமரங்களுக்குப் பதிலாக நட்டதில் மயில்கொன்றைதான் அதிகம் கண்ணில் படுகிறது. அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். சித்திரை, வைகாசியில் நெருப்பாகப் பூக்கிறது, அழகுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பூவில் ரசம் வைக்க முடியாது, அதன் விதையில் விளக்கெரிக்க முடியாது. நிழலுக்கு நாலு மயில்கொன்றை வைத்தால், கூட ஒரு வேம்பு, ஒரு புங்கன், ஒரு இலுப்பை வையுங்கள் என்று கேட்கிறேன்.

அந்த மாணவருக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. நாளை காலை ஒரு கைப்பிடி வேப்பம்பூவைப் படமெடுத்து அனுப்பப்போகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இப்போது உங்கள் வாசலில் உதிர்கிற பூவின் மிச்சம் ஆனியில் பழமாக விழும். வேப்பங்கொட்டை பாதாம் மாதிரி மூட்டையில் காத்திருக்காது, சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் ஆற்றி, அந்த வாரமே மண்ணில் ஊன்றிவிடுங்கள்.